பேய் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால்

முசிறியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு, டைட் குபோவின் 'ப்ளீச்' மங்காவை (ஜப்பானியப் படக்கதை) காட்டியவர்கள் என் மாணவர்கள்தான். 2001-இல் தொடங்கிய அந்தக் கதையில், ஆவிகளைக் காணும் 15 வயது இச்சிகோ வாளேந்தித் தீய ஆவிகளை வேட்டையாடுகிறான்.

கதையில் அது சாகசம். ஆனால் நிஜத்தில், எங்கள் பக்கத்தில் "ஏதோ உருவம் தெரியுது" என்று அழும் பிள்ளையைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். 48 நாள் தங்கல். உச்சிக்காலம், அர்த்தஜாமம் இரண்டிலும் பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இதேபோல் வழிபாட்டை நம்பி மனநோயாளிகளைத் தங்கவைத்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-இல் காப்பகம் ஒன்று தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கிடந்தவர்கள். அதன்பின் குணசீலத்தில் வழிபாட்டோடு மனநல மருத்துவமும் சேர்ந்தது.

இல்லாத உருவம் தெரிவது நோயின் அறிகுறியாக இருக்கலாம். பெற்றோரே, சாமியும் கும்பிடுங்கள், மருத்துவரையும் பாருங்கள். 14416-ஐ அழைத்தால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில் கட்டணமில்லாமல் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.