விசைப்பலகையில் கமகம்: மட்டக்களப்பு இசைப்பயிற்சியை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையூர்களில் முன்னர் ஆர்மோனியம் வகித்த இடத்தை இன்று மின்விசைப்பலகை பெரும்பாலும் பெற்றுவிட்டது. கோயிற் பசனை, பாடசாலைக் கலைவிழா, மெல்லிசை மேடை ஆகிய யாவற்றிலும் அதனைக் காண்கின்றோம். இம்மாற்றத்தை மரபின் சிதைவு என்பாருமுளர்; காலத்தின் தேவை என்பாருமுளர். இவ்விரு சாராரும் கருவியின் அமைப்பை ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

ஆர்மோனியத்தின் மீதான குற்றச்சாட்டுப் பழையது. அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கிவைத்தது. 1971 இலேயே அத்தடை தளர்ந்தது. நிலைத்த பன்னிரு சுரங்களைக் கொண்ட கருவி கமகத்துக்கு இடந்தராது என்பது தடைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் ஆர்மோனியத்துக்கு ஒரு சிறப்பிருந்தது. வலக்கை சுரத்தைத் தொட, இடக்கை துருத்தியை இயக்கியது. பாட்டின் ஏற்றமும் தணிவும் அவ்விடக்கையிலேயே தங்கியிருந்தன. மின்விசைப்பலகை வந்ததும் துருத்தி மறைந்தது, இடக்கை வேலையற்றுப்போயிற்று. அதாவது, ஆர்மோனியத்தின் குறை நீங்காதிருக்க, அதன் மூச்சு மாத்திரம் நின்றுவிட்டது.

அவ்விடக்கைக்கு மீண்டும் வேலை தருவனவே விசைகளின் இடப்புறத்துள்ள இரு சில்லுகள். 1970 இல் வெளிவந்த மினிமூக் என்ற கருவியில் இவை இடம்பெற்றுப் பின்னர் பரவலாயின. ஒன்று சுருதியை ஏற்றி இறக்குவது. வாசிப்போர் 'பிட்ச் பெண்ட்' என்பர். கையை எடுத்ததும் அது தானே நடுநிலைக்கு மீளும். மற்றையது 'மொடுலேஷன்' எனப்படுவது. 1983 இல் வகுக்கப்பட்ட மிடி நியமம் சுருதிச் சில்லின் அசைவுக்கு 16,384 படிகளை வகுத்துள்ளது. சாதாரணமாக அதன் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்.

இவ்வெல்லை எமது இசைக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பதற்குத் தோடி இராகமே சான்று. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. சுத்த ரிஷபத்தின் பக்கமும் சுத்த மத்தியமத்தின் பக்கமும் சென்று மீளும் அசைவே அது. சாதாரண காந்தாரத்திலிருந்து அவ்விரு சுரங்களும் இரண்டிரண்டு அரைச்சுரத் தொலைவிலேயே உள்ளன. ஆகவே காந்தார விசையை ஒருமுறை அழுத்தி, விரலை எடுக்காமல் சில்லை உருட்டினால் ரிஷபம் முதல் மத்தியமம் வரை முழுப் பரப்பும் கைக்குள் அடங்கும். விசைகளை மாறிமாறி அழுத்துவதோ வேறு செயல். ஒவ்வோர் அழுத்தத்திலும் ஒலி புதிதாகப் பிறப்பதால், ஒரே மூச்சில் எழவேண்டிய கமகம் துண்டுதுண்டாகிவிடும்.

மாணவர் பலர் மொடுலேஷன் சில்லைத் திருப்பிவிட்டு, அதனையே கமகம் என எண்ணுகின்றனர். பெரும்பாலான ஒலிகளில் அச்சில்லுத் தருவது ஒரே வேகத்தில் அமையும் இயந்திர நடுக்கமே. அது எந்த இராகத்தையும் அறியாது. தோடியிற் கொடுத்தாலும் கல்யாணியிற் கொடுத்தாலும் அதே நடுக்கந்தான். கமகத்தின் வேகமும் அகலமும் பாடுவோர் குரலைக் கேட்டுக் கையாற் பழகவேண்டியவை.

துருத்தியின் வேலையைக் காலுக்குக் கொடுக்கலாம். 'எக்ஸ்பிரஷன்' மிதி அதற்கென அமைந்ததே. ஒலியளவுக் கட்டுப்பாடு உச்ச எல்லையை வகுக்க, மிதி அவ்வெல்லைக்குள் ஒலியை வளர்த்தும் தணித்தும் செல்லும்.

ஒரு தடையையும் இங்கு குறிப்பிடவேண்டும். சுருதிச் சில்லு அதே ஒலித்தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே இழுக்கும். ஆதாரசுருதியையும் அதே தடத்தில் பிடித்திருந்தால் காந்தாரத்தோடு சட்சமும் ஆடிவிடும். எனவே சுருதிப்பெட்டி தனியே இருத்தல் நன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் வழங்கும் முறை 2018 இல் நியமமாக ஏற்கப்பட்டது. ஏ. ஆர். ரகுமான் 2009 இல் வெளியான 'டெல்லி 6' படப் பாடலொன்றிற் பயன்படுத்திய கொண்டினியம் என்ற கருவியில் விசைகளே இல்லை. விரல் வழுக்கும் பரப்பே உண்டு. ஆயின் அத்தகைய கருவிகளின் விலை எமது ஆசிரியருக்கும் மாணவருக்கும் எட்டுவதன்று.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பண்டைய யாழின் சுருதிகளைக் கணித வாயிலாக ஆராய்ந்தார். அவர் பெயரால் 1982 இல் தோன்றிய இசை நடனக் கல்லூரி இன்று கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக விளங்குகின்றது. அடிகளின் அளவுகோலை விசைப்பலகைக்கும் பிரயோகிக்கலாம். இயற்கையான அந்தர காந்தாரம் சட்சத்துக்கு மேல் 386 சென்ற் அளவில் நிற்க, விசைப்பலகை 400 சென்ற்றில் ஒலிக்கின்றது. நடுத்தர விலைக்கருவிகள் சிலவற்றிற்கூட ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே திருத்தும் வசதியுண்டு. எனினும் அதனைத் திறந்துபார்ப்போர் மிகச் சிலரே.

கூத்தைப் பொறுத்தவரை எமது நிலைப்பாடு வேறு. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உயிராயிருப்பவை மத்தளமும் தாளமும். அண்ணாவியாரின் மத்தளம் ஆடுவோரின் காலை நோக்கி விரைந்தும் தளர்ந்தும் செல்லும். விசைப்பலகையின் தானியங்கித் தாளமோ எவரையும் நோக்காது. எந்தச் சில்லாலும் அக்குறை தீராது. அக்களரிக்கு அக்கருவி வேண்டியதில்லை.

பாடசாலைகளின் நிலை வேறுபட்டது. தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றிற் சுருதிச் சில்லே இருப்பதில்லை. அவற்றிற்கும் சில்லுள்ளவற்றிற்கும் இடையிலான விலை வேறுபாடு வறிய குடும்பத்துக்குப் பெரிது. சில்லில்லாக் கருவியில் ஆண்டுக்கணக்காகப் பயிலும் பிள்ளை, தோடியின் காந்தாரத்தை அசையாத ஒரு சுரமாகவே கேட்டு வளர்கின்றது. நன்கொடையாகக் கருவி வாங்குவோர் நூற்றுக்கணக்கான ஒலிகளையும் தாளங்களையும் எண்ணிப்பார்க்குமுன், இடப்புறத்தில் அச்சில்லு உள்ளதா என முதலில் நோக்கவேண்டும்.