இறுதிக்காலப் பராமரிப்பும் மருத்துவ அறமும்: மருத்துவர் எம்.ஆர். இராஜகோபாலின் பணியை முன்வைத்து

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. அடிவாரத் தொழிலாளர் பலர் ஜீப்புகளில் எல்லை கடந்து வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அத்தகைய குடும்பத்தில் ஒருவர் முற்றிய புற்றுநோயுடன் வீடு திரும்பும்போது, ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று மருத்துவம் விலகிக்கொள்வது அறமாகுமா? இவ்வினாவைக் கேரள மருத்துவர் எம்.ஆர். இராஜகோபாலின் பணிவழி இக்கட்டுரை விளக்குகிறது.

வலியும் சட்டமும்

மயக்கவியல் பேராசிரியரான இராஜகோபால் பிறருடன் இணைந்து 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தையும், 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ அமைப்பையும் தோற்றுவித்தார். கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் அடிப்படை மருந்தாகும்; விலையும் குறைவு. சாதாரண மாத்திரையின் பயன் ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்பதால், வலி மீளுமுன் அடுத்த வேளை மருந்து தரப்படல் வேண்டும். எனவே அது நோயாளியின் வீட்டிலேயே இருத்தல் இன்றியமையாதது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்களில் மருத்துவமனைகள் இதற்கெனப் பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. இராஜகோபால் உள்ளிட்டோரின் நீண்ட முயற்சிக்குப் பின் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது.

சிகிச்சையின் எல்லை

பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை மறுப்பதும் உயிரைப் போக்குவதும் ஒன்றல்ல. 2018-இல் உச்ச நீதிமன்றம், அச்சிகிச்சை வேண்டாவென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிமையாக்கி, நீதித்துறை நடுவருக்கு மாற்றாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்றளிப்பதே போதும் என்றது. இராஜகோபாலும் பங்கேற்ற ‘லான்செட்’ ஆணையத்தின் 2022 அறிக்கை, உலகில் சிலர் இறுதிவரை மிகுசிகிச்சைக்கு ஆளாவதையும், பலர் வலிமருந்தே இன்றி இறப்பதையும் ஒரே சிக்கலின் இரு முகங்களாகக் காட்டியது.

முடிவுரை

கேரளம் 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டுசெல்லும் நோக்குடையது. மலைச்சரிவின் நோயாளிக்குச் சிகிச்சையை மறுக்கும் உரிமை மட்டும் போதாது. வலிமருந்தும் செவிலியரும் அவர் வாயிலை அடைந்தால்தான் அவ்வுரிமை பொருளுடையதாகும். இன்றேல் அது கைவிடலின் மறுபெயராகவே எஞ்சும்.