அடியில் சிக்கிய பெட்டி

லிட்டில் இந்தியாக் கடைகளில் அடுக்கியிருக்கும் பொன்னி அரிசி மூட்டைகள் கடல்வழியாக இரும்புப் பெட்டிக்குள் வருகின்றன. அந்தப் பெட்டிதான் கொள்கலன். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகம் 41.12 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்டது. இது 20 அடி நீளப் பெட்டிக் கணக்கு. வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 78 வரும்!

அறுபது ஆண்டுகளுக்கு முன் தஞ்சோங் பகாரில் ஆட்கள்தான் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ஒரு கப்பல் காலியாகப் பல நாள் பிடிக்கும். இதற்கு மாற்றுவழியை 1956இல் அமெரிக்கர் மால்கம் மெக்லீன் காட்டினார். சரக்கைப் பெட்டியில் அடைத்து, 58 பெட்டிகளை ஒரே கப்பலில் அனுப்பினார்.

சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் (பிஎஸ்ஏ) கொள்கலன் முனையம் கட்ட முடிவெடுத்தபோது, கப்பல் நிறுவனங்கள் இந்த வட்டாரத்துக்குக் கொள்கலன் கப்பல்களை அனுப்புமா என்பதே நிச்சயமில்லை. உலக வங்கியிடம் கடன் வாங்கித் துணிந்து கட்டினார்கள். 1972 ஜூன் 23ஆம் தேதி ‘நிஹோன்’ என்ற கப்பல் 300 கொள்கலன்களுடன் வந்து நின்றது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் அது.

ஆனால் பாரந்தூக்கியைப் பணம் இருக்கும் எவரும் வாங்கலாம். அப்புறம் முன்னிலை எங்கிருந்து வந்தது?

இங்கு வரும் கொள்கலன்களில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்கானவை அல்ல. ஒரு கப்பலில் வந்து, சில நாள் காத்திருந்து, வேறு கப்பலில் போகின்றன. காத்திருக்கும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஐந்து பெட்டி உயர அடுக்கில் அடியில் இருப்பது முதலில் வேண்டுமென்றால், மேலே இருக்கும் நான்கையும் நகர்த்த வேண்டும். நான்கும் வீண்வேலை. எந்தக் கப்பல் முதலில் கிளம்பும், எந்தப் பெட்டி கனமானது, எதற்குக் குளிர்பதன மின்சாரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் பார்த்தே இடம் ஒதுக்க வேண்டும். வெறும் 10 பெட்டிகளை வரிசைப்படுத்தவே 3,628,800 வழிகள் உண்டு. மனிதக் கணக்கு எப்படித் தாங்கும்?

அதனால் 1980களில் பிஎஸ்ஏ கணினியில் முதலீடு செய்தது. கப்பல் நிறுவனங்களை இணைக்கும் ‘போர்ட்நெட்’ 1984இல் வந்தது. முனைய வேலைகளைத் திட்டமிடும் ‘சிட்டோஸ்’ 1988இல் வந்தது. அடுத்த ஆண்டே அரசாங்கத்தின் ‘டிரேட்நெட்’ தொடங்கியது. நாள்கணக்கில் இழுத்த ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி நிமிடங்களில் கிடைத்தது. பாரந்தூக்கியை விலைக்கு வாங்கலாம், இப்படி ஒன்றோடொன்று பின்னிய அமைப்பை அவ்வளவு எளிதில் வாங்க முடியாது என்பது என் கருத்து.

அதுவும் முழுக் காப்பு அல்ல. 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் ஜோகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மாறியது. 2002இல் தைவானின் எவர்கிரீனும் போனது. சிங்கப்பூரின் கணினி மெதுவானதா என்ன? இல்லை. அங்கே கட்டணம் குறைவு. மெர்ஸ்க்குக்குத் துறைமுகத்தில் பங்கும் கிடைத்தது. வாடிக்கையாளருக்கு வேகம் மட்டும் போதவில்லை.

பிஎஸ்ஏயும் பாடம் கற்றது. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற பெரிய கப்பல் நிறுவனங்களுடன் கூட்டு சேர்ந்து இங்கே முனையங்களை நடத்துகிறது. வெளிநாடுகளில் அது ஏற்கெனவே காலூன்றியிருந்தது. 1996இல் சீனாவின் டாலியனில் தொடங்கியது. நம் தூத்துக்குடியிலும் பிஎஸ்ஏ பங்குகொண்ட முனையம் 1990களின் இறுதியில் வந்துவிட்டது.

இப்போதைய பெருமுதலீடு துவாசில். 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தில் மின்கலத்தால் ஓடும், ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. தரையில் பதித்த மின்னணுக் குறிகளைப் படித்துத் தாம் இருக்கும் இடத்தை அவை அறிகின்றன. 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் திறன் அங்கே இருக்கும். நீரிணைக்கு அக்கரையில், சில கிலோமீட்டர் தூரத்தில், தஞ்சோங் பெலப்பாஸின் பாரந்தூக்கிகளும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.