"இனிமே பீடியை விட்டு என்னடா ஆகப்போகுது?" – மூச்சு, புகை, நுரையீரல்: சில குறிப்புகள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் எங்கள் கிராமம். பெரியப்பாவுக்கு 68 வயது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் தொழில். கூடவே 40 வருஷமாகப் பீடி. இப்போது திண்ணையிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மதுரையில் ஊதச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு சி.ஓ.பி.டி. என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய்.

"பீடியையாவது விடுங்க பெரியப்பா" என்றேன்.

"போனது திரும்ப வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே விட்டு என்னடா ஆகப்போகுது?" என்றார்.

சட்டென்று பதில் வரவில்லை. நானும் 15 வருஷம் ஆபீஸ் வாசல் டீக்கடையில் சிகரெட் பிடித்தவன்தான். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து திரும்பியதும் இதற்கென்றே உட்கார்ந்து படித்தேன். நான் மருத்துவன் இல்லை. படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றே முக்கால் சென்ட் நிலம்

நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஒரு மூச்சு சுமார் அரை லிட்டர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. கீழே இருக்கும் உதரவிதானம் இறங்கி, விலா எலும்புகள் உயரும்போது மார்புக்கூடு பெரிதாகிறது. காற்று உள்ளே வருகிறது. வெளியே விடும்போது பெரிதாக வேலை இல்லை. இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். இந்த ரப்பர் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளில் முடிகிறது. ஒருவருக்கு 30 முதல் 50 கோடி பைகள் வரை இருக்கும். எல்லாவற்றின் சுவரையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட். அந்தச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது.

பீடி ஒரு குட்டிக் கரிமூட்டம்

கரிமூட்டம் பார்த்திராதவர்களுக்காக: கட்டைகளைக் குவித்து அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே தீ வைப்பார்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் இருக்கும். காற்று தாராளமாகப் போனால் கட்டை சாம்பலாகிவிடும். குறைவாகப் போனால்தான் வெந்து கரியாகும். அரைகுறையாக எரிவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், தார் வரும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் வரும். பீடிக்குள் நடப்பதும் இதேதான். பீடி இலை சிகரெட் காகிதம் மாதிரி காற்றை உள்ளே விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். அதனால் புகையிலை குறைவாக இருந்தாலும் இழுப்பு அதிகம், கார்பன் மோனாக்சைடும் அதிகம். "பீடிதானே, சிகரெட் அளவுக்கு இல்லை" என்பது தப்புக்கணக்கு. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். நம் ஊர்ப் பிரச்சினை பெரும்பாலும் பீடிதான்.

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்த கதைதான். ஆக்சிஜன் வந்தாலும் உட்கார இடம் இருக்காது.

துப்புரவு வேலை நிற்கிறது

மூச்சுக்குழாயின் உள்பக்கம் சளிப்பூச்சு இருக்கிறது. தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்து தடவைக்கு மேல் அசைந்து அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை இந்த மயிர்களை முடக்குகிறது, உதிர வைக்கிறது, சளியையும் கூட்டுகிறது. தள்ள ஆள் இல்லாததால் இருமித்தான் வெளியேற்ற வேண்டும். காலையில் எழுந்ததும் பீடிக்காரர்கள் இருமும் இருமல் இதுதான்.

துப்புரவு நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டிலேயே செய்த பெரிய ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் இதழில் வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. புகை என்றாலே புற்றுநோய் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது அதிர்ச்சி.

காற்று வெளியே வரவில்லை

புகையை எதிர்த்து வரும் வெள்ளணுக்கள் விடும் நொதிகள், கிருமியோடு சேர்த்து நுரையீரலின் ரப்பர் நாரையும் அரித்துவிடுகின்றன. காற்றுப்பைகளின் சுவர்கள் உடைந்து பல பைகள் ஒரே பெரிய பையாகின்றன. பத்து அறை வீட்டில் உள்சுவரை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கினால், வீடு அதே அளவுதான். சுவர்ப் பரப்பு போய்விடும். ஒன்றே முக்கால் சென்ட் சுருங்குவது இப்படித்தான்.

ரப்பர் குணமும் போவதால், மூச்சை விடும்போது சின்னக் குழாய்கள் அமுங்கி மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே போகும், முழுதாக வெளியே வராது. பெரியப்பா உதட்டைக் குவித்து அடுப்பு ஊதுவது மாதிரி மூச்சு விடுவதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அப்படி ஊதும்போது உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய் மூடாமல் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் உடம்பு கண்டுபிடித்திருக்கிறது.

இவ்வளவு நடந்தும் முன்னாடியே ஏன் தெரியவில்லை? ஒன்று, நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது. இரண்டு, கையிருப்பு ரொம்ப அதிகம். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். ஆரோக்கியமான வாலிபரால் 100 லிட்டருக்கு மேல் இழுத்துவிட முடியும். கையிருப்பு கரைந்து அடி தட்டும்போதுதான் மூச்சு வாங்குவது தெரியும்.

பெரியப்பாவுக்குப் பதில்

ஒரே விநாடியில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்பதுதான் அந்தப் பரிசோதனையின் முக்கிய அளவு. ஃப்ளெட்சர், பீட்டோ என்ற இருவர் லண்டன் தொழிலாளர்களை 8 வருஷம் அளந்து 1977இல் வெளியிட்டார்கள். புகைக்காதவருக்கும் வயதாக ஆக இந்த அளவு குறையும், வருஷத்துக்குச் சுமார் 30 மில்லி. புகையால் பாதிக்கப்படுபவருக்கு 60 மில்லியோ அதற்கு மேலோ குறையும். 25 வயதில் இருவருக்கும் 3.5 லிட்டர் என்று வையுங்கள். 65 வயதில் ஒருவருக்கு 2.3 லிட்டர் இருக்கும், மற்றவருக்கு 1.1 லிட்டர்தான்.

முக்கியமான விஷயம் இனிதான். புகையை விட்டவருக்கு இழந்தது திரும்பவில்லை. ஆனால் சரியும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்.

பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வும் (2004) இதையே காட்டுகிறது. 30 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாகக் கூடுதலாகக் கிடைத்த ஆயுள் 10 வருஷம். 40 வயதில் விட்டால் 9, 50இல் 6, 60இல்கூட 3.

போனில் இதைப் பெரியப்பாவுக்கு மூட்டம் பாஷையிலேயே சொன்னேன். மூட்டத்தில் மண் வெடித்துக் காற்று புகுந்தால் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் ஓட்டையை அடைப்பீர்கள். சாம்பலானது சாம்பல்தான். அதற்காக மிச்சக் கட்டையையும் எரியட்டும் என்று விடுவீர்களா?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மூட்டத்துப் புகையை என்னடா பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. விறகுப் புகையும் இதே நோயைத் தரும். பீடியே தொடாத பெண்களுக்கு விறகடுப்பால் வருவது அப்படித்தான். மூட்ட வேலையை இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறான். பெரியப்பா பீடியை இன்னும் முழுசாக விடவில்லை. ஒரு கட்டு மூன்று நாளைக்கு வருகிறது என்கிறார். குறைப்பது போதாது, நிறுத்தத்தான் வேண்டும் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால்: புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-112-356. விட்ட முதல் மாதம் எனக்குச் சளி அதிகமாகத்தான் வந்தது. பயந்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்.