ஓரத்தில் ஆடியவர்களைப் பார்த்தீர்களா?

கேட்லின் ஒஹாஷியின் அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். 2019 ஜனவரி, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரம். டினா டர்னர், மைக்கேல் ஜாக்சன் என்று பாட்டு மாறி மாறி ஒலிக்க, யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மாணவி ஒருவர் அந்தரத்திலிருந்து கால்களை அகட்டியபடியே தரையில் விழுந்து, விழுந்த வேகத்தில் ரப்பர் பந்தாக எழும்பிச் சிரிக்கிறாரே, அதேதான்! நடுவர்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

ஆனால் எனக்குக் கிறுக்குப் பிடித்த இடம் வேறு. இன்னொரு முறை ஓடவிட்டு, நடுவில் ஆடுபவரை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அணித் தோழிகள் அதே ஆட்டத்தை அச்சு அசலாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! கை எப்போது வீச வேண்டும், இடுப்பு எப்போது வெட்ட வேண்டும், எல்லாம் மனப்பாடம். அந்த ஓரத்துக் கூத்து எப்படி வந்தது என்று கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போமா?

அந்தக் கூத்தின் ருசியான ரகசியம் ஒன்று மதிப்பெண் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் இறங்குவார்கள். சேர்வது ஐந்து பேரின் மதிப்பெண்தான். ஒருத்தி வழுக்கி விழுந்தால் மற்ற ஐவரும் அதை மூடி மறைத்துவிடலாம். சின்ன வயதிலிருந்து தனி ஆளாகப் பாரம் சுமந்து பழகிய பெண்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி!

கேட்லினுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. 2013இல் அமெரிக்கன் கப் போட்டியில் சிமோன் பைல்ஸையே பின்னுக்குத் தள்ளியவர் அவர். (ஆமாம், பின்னாளில் ஒலிம்பிக் தங்கங்களை அள்ளிய அதே சிமோன் பைல்ஸ்தான்!) அதன் பிறகு முதுகிலும் தோளிலும் காயம், உடம்பைப் பற்றி ஓயாத ஏச்சு. பறக்க முடியாத பறவை என்றுகூட ஒப்பிட்டார்களாம். கல்லூரிக்கு வந்தவர் பயிற்சியாளரிடம் சொன்னது, மறுபடியும் பெரிய ஆளாக விருப்பமில்லை என்று. உதவித்தொகை கொடுத்து அழைத்து வந்த நட்சத்திரம் இப்படிச் சொன்னால் எந்தப் பயிற்சியாளருக்கும் நெஞ்சு அடைக்கும்.

அந்தப் பயிற்சியாளர் வேலரி கொண்டோஸ் ஃபீல்ட். எல்லாருக்கும் ‘மிஸ் வேல்’. இவர் பாலே ஆடி வளர்ந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவரே இல்லை! ஆரம்ப வருடங்களில் கறார் பயிற்சியாளர்களைக் காப்பியடித்து விரட்டோ விரட்டென்று விரட்டியிருக்கிறார். கடைசியில் அணிப் பெண்களே அவரை உட்கார வைத்து, நீங்கள் பேசுவது எங்களை எப்படி நோகடிக்கிறது என்று உதாரணம் உதாரணமாக எடுத்துச் சொன்னார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான். மாணவிகள் டீச்சருக்கு வகுப்பெடுத்தார்கள், டீச்சரும் கேட்டுக்கொண்டார்! ஆகவே கேட்லின் வந்தபோது, பதக்கத்தை ஓரம் வைத்துவிட்டு ஆளைக் கவனிக்க மிஸ் வேலுக்குத் தெரிந்திருந்தது. உடனே பலிக்கவில்லை, நம்பிக்கை வரக் காலம் பிடித்தது.

மிஸ் வேலின் அலுவலகத்தில் ஒரு சோபா. அணியில் இருந்த கைலா ராஸ், 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கப் பதக்க அணியைச் சேர்ந்தவர், ஒருநாள் வந்து உட்கார்ந்து அது இது என்று பேச ஆரம்பித்தார். மிஸ் வேல் குறுக்கே பேசவில்லை. பேச்சு மெல்ல மெல்ல எங்கோ போய், தேசிய அணி மருத்துவராக இருந்த லாரி நாசரின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் தானும் ஒருவர் என்பதில் வந்து நின்றது. நாசரின் குற்றங்களை மூடி வைக்காமல் அணியே சேர்ந்து பேசியது. இங்கே என் துள்ளலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறேன். ஆனால் அடுத்து வந்தது அடங்க விடாது.

2018 ஏப்ரல், செயின்ட் லூயிஸ், தேசிய இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று பத்து சென்டிமீட்டர் அகலமே உள்ள பீமில். யூசிஎல்ஏயின் கடைசி ஆள் பெங்-பெங் லீ. முழங்கால் காயத்தால் லண்டன் ஒலிம்பிக்கைத் தவறவிட்ட கனடாக்காரர். அவர் எடுத்தது பத்து! 198.075 புள்ளிகளுடன் யூசிஎல்ஏ சாம்பியன், ஒக்லஹோமாவுக்கு 198.0375. ஒரு புள்ளியில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை அந்த வித்தியாசம்! ஜெயித்ததற்கு ஒரு காரணமாகக் கைலா பின்னர் மிஸ் வேலிடம் சொன்னது, பேசத் தயங்கியதை எல்லாரும் சேர்ந்து பேசியதைத்தான்.

அடுத்த வருடம் தேசியப் போட்டியில் மூன்றாம் இடம். ஏழு சாம்பியன் பட்டங்களோடு மிஸ் வேல் ஓய்வு பெற்றார். உடம்புக்காக ஏச்சு வாங்கிய கேட்லினோ அதே 2019இல், விளையாட்டு வீரர்களின் உடலைக் கொண்டாடும் ஈஎஸ்பிஎன் பத்திரிகையின் சிறப்பிதழில், உடம்பில் ஒரு துணுக்குத் துணி இல்லாமல் போஸ் கொடுத்தார்!