எளிய கருவியும் பழைய படங்களும்

நிலக்காட்சிப் படங்கள் எடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். பிடிபிடிஎன் கடன்பணம் வங்கிக் கணக்கில் விழும் வாரத்தில் இந்தக் கேள்வி சற்று அதிகமாகவே வரும். நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. தொடக்கநிலைக் கருவியே போதும். மிச்சப் பணத்தில் ஒரு முக்காலி வாங்குங்கள். எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள். இவற்றுள் மூன்றாவதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

('புகைப்படம்' சரியா, 'நிழற்படம்' சரியா, 'ஒளிப்படம்' சரியா என்பதை நம் மொழிக் கழகத்தார் பட்டிமன்றத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். நான் 'படம்' என்றே எழுதிவிடுகிறேன்.)

முதலில் கருவி. நான் பல ஆண்டுகள் பயன்படுத்தியது கேனன் 300டி. 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது, 6.3 மெகாபிக்சல். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசியின் எண்ணிக்கை அதைவிடப் பெரிது. அதனுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 18-55 மில்லிமீட்டர் லென்சைப் 'பிளாஸ்டிக் லென்சு' என்று கேலி செய்வார்கள். துளையை முழுவதும் திறந்து எடுத்தால் படத்தின் ஓரங்கள் மங்கும் என்பது உண்மைதான். ஆனால், நிலக்காட்சிக்கு ஏன் முழுவதும் திறக்க வேண்டும்? எஃப்8 அல்லது எஃப்11க்குச் சுருக்கினால் இந்த மலிவு லென்சும் கூர்மையான படத்தைத் தரும். அதற்காக எஃப்22 வரை போக வேண்டாம். மிகச் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மறுபடியும் மங்கத் தொடங்கும். இயற்பியல் மாணவர்கள் காரணத்தை விளக்குவார்கள்.

இன்னொரு கணக்கு. இந்த வகைக் கேமராவில் 18 மில்லிமீட்டர், எஃப்8 என்று வைத்து, ஏறக்குறைய 2.2 மீட்டர் தொலைவில் குவியப்படுத்தினால், 1.1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். காலடியில் உள்ள லாலாங் புல்லையும் தூரத்து மலையையும் ஒரே படத்தில் கொண்டுவர இது போதும். விடியற்காலை மங்கிய வெளிச்சத்தில் ஒரு வினாடி வரை திறந்துவைக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் முக்காலியை வற்புறுத்துகிறேன். பாசார் மாலாமில் வாங்கிய எடை குறைந்த முக்காலியாக இருந்தாலும், நடுத்தண்டில் புத்தகப்பையைத் தொங்கவிட்டால் அசையாமல் நிற்கும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் தேர்வுக்காகப் படித்திருப்போம். கேமராவோடு வெளியே போனால் அந்த வகுப்பு நன்றாகவே விளங்கும். வெளிநாட்டார் எழுதிய நூல்கள் காலையும் மாலையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பொன்னிற வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்லும். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக மணிக்கு 15 பாகை வீதம் ஏறுகிறது. அரை மணி நேரத்தில் அந்த நிறம் போய்விடும். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 1.15ஐ ஒட்டித்தான், விடிவதும் ஏழு மணியளவில்தான். செமினி அருகேயுள்ள புரோகா குன்றில் சூரிய உதயம் காண ஆறு மணிக்கு முன்பே ஏறத் தொடங்கினால் போதும். விடுதி மாணவர்களுக்கு இது பெரிய தியாகம் அல்ல. பிற்பகல் மழை விட்டபின் வரும் ஒரு மணி நேரத்தையும் தவறவிடாதீர்கள். கழுவிவிட்ட காற்றில் தூரத்து மலைகள் பக்கத்தில் வந்து நிற்கும்.

இனி பழைய படங்களுக்கு வருகிறேன். அந்நாளில் என்னிடம் இருந்தது 256 மெகாபைட் நினைவட்டை. ரா எனப்படும் மூலக்கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 35 படங்களில் நிரம்பிவிடும். ஆகவே பெரும்பாலோர் ஜேபெக் வடிவில்தான் எடுத்தோம். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். 300டியின் ரா கோப்பு 4,096 படிநிலைகளை வைத்துக்கொள்ளும். ரா கோப்பு ஒரு நெகட்டிவ் மாதிரி. கோப்பு மாறாமல் அப்படியே இருக்க, அதைக் கழுவும் மென்பொருள்தான் ஆண்டுக்கு ஆண்டு தேறிக்கொண்டு வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் புள்ளி புள்ளியாகத் தெரிந்த நிழற்பகுதி, இன்றைய மென்பொருளில் சுத்தமாக வருவதைக் கண்டு நானே வியந்திருக்கிறேன். காசு செலவழிக்க வேண்டியதில்லை. ராதெரப்பி, கிம்ப் ஆகிய இரண்டும் இலவசம். ஜேபெக்கிலும் இருட்டுப் பகுதியை ஓரளவு தூக்கிவிடலாம். வெள்ளையாகவே வெளுத்துப்போன வானத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே தகவலே இல்லை. நம் நாட்டு வானம் எளிதில் வெளுக்கக்கூடியது என்பதால், எடுக்கும்போதே வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்துகொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2005 ஆகஸ்டில் சுமத்திராத் தீயின் புகைமூட்டம் சிலாங்கூரை மூடியது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டவே, கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த வாரத்தில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எடுத்த படம் என்னிடம் உண்டு. செம்மண் சாலை, இருபுறமும் மரங்கள், ஐந்தாம் ஆறாம் மரத்துக்கு அப்பால் வெறும் சாம்பல்நிறம்.

புகைத்துகள்களில் சிதறும் ஒளி படத்தின் கருமையான இடங்களையெல்லாம் வெளுக்கச் செய்கிறது. நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் சிதறுவதால், சிவப்புத் தளத்தை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் புகை ஓரளவு விலகும். முன்பு நாங்கள் கையாண்ட வழி அது. 2015இல் அடோபி தன் லைட்ரூம் மென்பொருளில் புகைநீக்கும் வசதியையே தனியாகச் சேர்த்தது. எந்த இடம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அது கணித்து, அந்த அளவுக்குக் கழித்துவிடும். என் படத்தை அதில் போட்டபோது மரவரிசை நீண்டது. வரிசையின் கோடியில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று எழுந்து நின்றது. அன்று அங்கே நின்றபோதுகூட அது என் கண்ணுக்குத் தெரியவில்லை!

அந்தத் தோட்டம் இன்று இல்லை. வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடிய ஒரு நாளில் இரண்டு படங்களையும், புகையோடு ஒன்று, புகை நீக்கியது ஒன்று என, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோனேன். தெளிவான படத்தின் முன்னால் ஒரு பாட்டி வெகுநேரம் நின்றார். "இந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் தம்பி எங்க லயம்" என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் பேரனோ புகைப்படத்தைத்தான் (இங்கே அந்தச் சொல் மிகப் பொருந்துகிறது) பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு, பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க" என்றார். இரண்டில் எது அசல் என்று என்னைக் கேட்டால், இரண்டையும் வைத்திருக்கிறேன் என்றே சொல்வேன்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வெளிச்சம், நிறம், மங்கல் ஆகியவற்றைத் திருத்துவது கோப்பில் ஏற்கெனவே உள்ளதை வெளியே கொண்டுவரும் வேலை. மின்கம்பியை அழிப்பதும், வேறோர் ஊரின் வானத்தை வெட்டி ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வெளுத்த இடத்தைக் கற்பனையால் நிரப்புவதும் வேறு வேலை. நாள்காட்டிக்குப் படம் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். மறைந்துபோன ஒரு தோட்டத்தின் படத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. அழகைக் கெடுப்பதாக மென்பொருள் நினைக்கும் தொட்டியும் கம்பமும்தான் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அடையாளம். அப்படியே செய்தாலும், படத்தின் கீழே அதை எழுதிவிடுவது நாணயம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் நிலக்காட்சிக்கென்று யாரும் ஃபிலிமைச் செலவழித்ததில்லை. ஆனால் மணமக்களுக்குப் பின்னால் பால்மரக்காடு நிற்கிறது. புது சைக்கிளோடு நிற்கும் மாமாவுக்குப் பின்னால் லயத்து வாசலும் கோயில் கூரையும் நிற்கின்றன. தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்த ஆல்பங்களைக் கேட்டு வாங்குங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2,400க்கு 3,600 புள்ளிகள் கிடைக்கும். பின்னணியை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்க இது போதும். ஜேபெக் வேண்டாம், டிஃப் வடிவில் சேமியுங்கள். எழுபதுகளின் வண்ணப்படங்கள் பல சிவந்திருக்கும். அவற்றின் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட முந்தி மங்கிவிட்டதே காரணம். நிறச் சமநிலையைத் திருத்தினாலே பச்சை ஓரளவு திரும்பும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் ஏட்டோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பின்னால் தெரிவது எது என்று கேட்டு, அதையே கோப்பின் பெயராக வையுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சில். பேனா முனை அழுந்தி முன்பக்கம் தெரியும்.