பகலில் கோடரி, இரவில் சிலேட்டு: கனடாவின் அறநிறுவனங்கள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பகல் முழுக்கக் காட்டில் மரம் வெட்ட வேண்டும். இருட்டியதும் அதே ஆள் கை காலைக் கழுவிக்கொண்டு, கூட வெட்டியவர்களை உட்காரவைத்து எழுத்துக் கற்றுத்தர வேண்டும். இப்படி ஒரு வாத்தியார் உத்தியோகம் உலகத்தில் இருந்தது தெரியுமா? கனடாவில் இருந்தது! ஒரு வருடம், இரண்டு வருடமல்ல, நூறாண்டைத் தாண்டியும் அது தொடர்ந்தது!

இதைத் தொடங்கியவர் ஆல்ஃப்ரெட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற பாதிரியார். வடக்கு ஒன்டாரியோவின் மரம் வெட்டும் முகாம்களில் ஆயிரக்கணக்கான ஆட்கள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது. பள்ளிக்கூடம் அவர்களைத் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் ஃபிட்ஸ்பாட்ரிக் தானே கிளம்பினார். 1899-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். முகாம்களில் மரக்குடிசை போட்டு, புத்தகமும் செய்தித்தாளும் கொண்டுபோய் வைத்தார். பாடம் சொல்ல இளைஞர்களையும் அனுப்பினார்.

அந்த இளைஞர்களுக்கு ஒரு சிக்கல். பகலில் எல்லோரும் காட்டுக்குள் போய்விட, வாத்தியார் மட்டும் என்ன செய்வார்? அவரும் கோடரியை எடுத்துக்கொண்டு கூடவே போனார். அங்கேதான் அதிசயம் நடந்தது. தங்களோடு வியர்வை சிந்துகிறவன் இரவில் புத்தகத்தைத் திறந்தபோது தொழிலாளிகள் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். அதுவே அமைப்பின் முறையாகிவிட்டது. 'தொழிலாளி ஆசிரியர்' என்றே அவர்களுக்குப் பெயர். காடு, சுரங்கம், ரயில் பாதை போடும் இடம் என்று வேலை எங்கே இருந்ததோ அங்கே போனார்கள். பிற்காலத்தில் பண்ணைகளுக்கும் போனார்கள்.

இதை மிஞ்சும் செய்தி ஒன்று இருக்கிறது. 1911-ல் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு இப்படி முகாமுக்குப் போன இளைஞர்களில் ஒருவர் பெயர் நார்மன் பெத்யூன். ஆமாம், பிற்காலத்தில் மருத்துவராகி, சீனாவின் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, 1939-ல் அங்கேயே உயிர்விட்டாரே, மாவோ இரங்கற் கட்டுரை எழுதினாரே, அவரேதான்!

ஃப்ரான்டியர் காலேஜ் என்று பெயர் பெற்ற இந்த அமைப்புக்கு 1922-ல் கனடா நாடாளுமன்றம் பட்டம் வழங்கும் உரிமையே கொடுத்தது. வளாகம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது, ஆனால் பட்டம் தரலாம்! பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன, அந்த உரிமை நீண்ட நாள் நிலைக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. அமைப்பு மட்டும் அசையாமல் நின்றது. 2022-ல் 'யுனைடெட் ஃபார் லிட்டரசி' என்று பெயரை மாற்றிக்கொண்டு இப்போதும் எழுத்தறிவுப் பணியைச் செய்துகொண்டிருக்கிறது.

காட்டை விட்டு ஊருக்குள் வருவோம். வின்னிபெக் நகரம், 1921. வில்லியம் அலோவே என்ற வங்கிக்காரர் ஒரு லட்சம் டாலரைத் தூக்கிக் கொடுக்கிறார். இந்த ஊர் எனக்கு வாழ்வு தந்தது, ஊருக்குத் திருப்பித் தருகிறேன் என்பது அவர் எண்ணம். அதில் பிறந்ததுதான் வின்னிபெக் ஃபவுண்டேஷன், கனடாவின் முதல் சமூக நிதியம். தென்னையை வெட்டாமல் காயை மட்டும் பறிப்பது போல, மூலதனத்தில் கை வைக்காமல் அதன் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் ஊர் நன்மைக்குக் கொடுப்பது இதன் விதி. படிப்பு, கலை, பசி, முதியோர் நலம் என்று எதற்கு வேண்டுமானாலும் அது போகும்.

சரி, அந்த நிதியத்துக்கு இரண்டாவதாக வந்த நன்கொடை எவ்வளவு தெரியுமா? பதினைந்து டாலர்! 1924-ல் ஓர் உறை வந்தது. உள்ளே மூன்று ஐந்து டாலர் தங்க நாணயங்கள். கூடவே 'விதவையின் காணிக்கை' என்ற குறிப்பு. பைபிளில் தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் கதை வருமே, அதைத்தான் அந்தக் குறிப்பு சொல்கிறது. அனுப்பியது யார் என்று நூறாண்டு கழித்தும் தெரியாது. அந்த நிதியத்தார் லட்சம் டாலர் கொடுத்தவரை எவ்வளவு பெருமையாக நினைக்கிறார்களோ, இந்தப் பதினைந்து டாலரையும் அவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது லட்சத்தைவிடப் பெரிய தொகையாகவே தெரிகிறது.

இதேபோல இன்னொன்று! வான்கூவரில் ஆலிஸ் மெக்கே என்ற செயலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆயிரம் டாலர் சேர்த்தார். வீடில்லாத பெண்களுக்கு உதவ வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆயிரம்தான் விதை. ஊர்ப் பணக்காரர்கள் சிலர் ஆளுக்குப் பத்தாயிரம் போட, 1943-ல் வான்கூவர் ஃபவுண்டேஷன் எழுந்தது. இன்று கனடா முழுக்க இப்படிப்பட்ட சமூக நிதியங்கள் 200-க்கு மேல்!

நாடகம் பிடிக்குமா? ஒன்டாரியோவில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்று ஒரு ரயில்வே ஊர். நீராவி என்ஜின்களுக்குக் காலம் முடிந்துகொண்டிருந்தது, ஊர்ப் பட்டறையை நம்பியவர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். டாம் பேட்டர்சன் என்ற பத்திரிகைக்காரர், ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்தலாமே என்றார். நகரசபை கொடுத்தது 125 டாலர், நியூயார்க் போய் விசாரித்துவிட்டு வர! 1953 ஜூலை 13-ல் பெரிய கூடாரத்துக்குள் முதல் நாடகம் அரங்கேறியது. மேடையில் மூன்றாம் ரிச்சர்டாக நின்றவர் சாட்சாத் அலெக் கின்னஸ், பேர்பெற்ற ஆங்கில நடிகர்! அந்தக் கூடாரம் இன்று வட அமெரிக்காவின் பெரிய நாடக விழாக்களில் ஒன்று. அதுவும் பதிவுபெற்ற அறநிறுவனம்தான்.

மாண்ட்ரியலில் மருத்துவர் சீட்டில் மாத்திரைக்குப் பதில் அருங்காட்சியகம் எழுதிக் கொடுக்கிறார், தெரியுமா? 2018-ல் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகமும் பிரெஞ்சு பேசும் மருத்துவர்களின் சங்கமும் கைகோத்துத் தொடங்கிய திட்டம் அது. சீட்டைக் காட்டினால் நோயாளியும் உடன் வருபவரும் கட்டணமில்லாமல் ஓவியங்களைப் பார்க்கலாம்.

விண்வெளிக்குப் போய்வந்த தக்காளி விதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் விதைத்து முளைக்கவைக்கிறார்கள். எந்தப் பொட்டலம் விண்ணுக்குப் போனது, எது போகாதது என்று முதலில் சொல்லவே மாட்டார்கள். முளைத்ததை எண்ணிப் பார்த்து, முடிவை அனுப்பிய பிறகுதான் விடை! 2001-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை இப்போது நடத்துவது 'லெட்ஸ் டாக் சயின்ஸ்' என்ற அறநிறுவனம்.

கணக்கு என்றால் வயிற்றைக் கலக்குகிறதா? 'குட் வில் ஹன்டிங்' படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வருகிற ஜான் மைட்டன் அசலில் நாடகாசிரியர். கல்லூரியில் கணக்கில் தட்டுத் தடுமாறியவர். பிற்பாடு விடாப்பிடியாகப் படித்துக் கணிதத்தில் முனைவர் பட்டமே வாங்கினார். 1998-ல் டொரன்டோவில் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். எந்தப் பாடத்தையும் ரொம்பச் சின்னப் படிகளாக உடைத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் ஏறிவிடும் என்பது அவர் கட்சி. அதுதான் 'ஜம்ப் மேத்' என்ற அறநிறுவனமாகி வகுப்பறைகளுக்குள் நுழைந்தது.

டொரன்டோவை விட்டுப் போவதற்குள் ரீஜன்ட் பார்க்கைப் பார்த்தே ஆக வேண்டும். அரசு கட்டிய குடியிருப்பு, பெரும்பாலும் புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். இதைக் கண்டு பதறியது கல்வித் துறையல்ல, அந்தப் பகுதியின் சுகாதார மையம்! படிப்பு நின்றால் உடம்பும் வாழ்வும் சேர்ந்து கெடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே பிறக்கிற குழந்தை நாளை இதே மையத்தில் டாக்டராக, நர்ஸாக வந்து நிற்க வேண்டும் என்று கனவு கண்டார்கள்.

2001-ல் 'பாத்வேஸ் டு எஜுகேஷன்' தொடங்கியது. மாலையில் தனிப்பயிற்சி, பேச்சுத்துணைக்கு ஒரு பெரியவர், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடியாட ஓர் ஊழியர். பள்ளிக்கு ஒழுங்காகப் போகும் பிள்ளைக்கு பஸ் டிக்கெட். மேற்படிப்புக்கென ஒவ்வோர் ஆண்டும் பிள்ளை பெயரில் ஒரு தொகை. எவ்வளவு சாதாரணமான விஷயங்கள் பாருங்கள்! பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது என்பதை யாரோ கவனித்திருக்கிறார்களே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். இடைநிற்றல் மளமளவென்று சரிந்தது. பொருளாதார அறிஞர்கள் தனியே ஆராய்ந்து, பள்ளிப் படிப்பை முடிப்போரும் மேற்படிப்பில் சேர்வோரும் கணிசமாகக் கூடியதை உறுதி செய்தார்கள். இன்று பல மாகாணங்களில் இது நடக்கிறது.

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? 2001-ல் டொரன்டோவில் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டம் ஆண்டுதோறும் இயல் விருது தருகிறது. முதல் விருது சுந்தர ராமசாமிக்கு! டொரன்டோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 30 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகெங்கும் இருந்து தமிழர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்து 2021-ல் அந்த இலக்கைத் தொட்டார்கள்.

கடைசியாக, கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கனடாவில் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கை வருவாய் முகமையிடம் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நிறுவனத்தின் பதிவு எண்ணில் ஒன்பது இலக்கங்கள், அடுத்து 'ஆர்ஆர்' என்ற எழுத்துகள், பிறகு நான்கு இலக்கங்கள் இருக்கும். உங்கள் அண்ணனோ அத்தையோ மகளோ கனடாவில் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்: யார் வந்து கை நீட்டினாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகு தாராளமாகக் கொடுக்கட்டும்.